கக்கூஸ் வாசலில் கோலம்

நாங்கள் பிள்ளைகளைப் படுக்கவைத்த இடம் ஒரு பழைய கோழிப்பண்ணை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் யாரும் என்னைக் கேட்கக்கூடாது.

நோட்டீஸில் அப்படிப் போடவில்லை. ‘காற்றோட்டமான இயற்கைக் குடில்கள்’ என்று போட்டிருந்தது. காற்றோட்டம் இருந்தது, பொய்யில்லை. இடுப்புயரத்துக்குச் சுவர், அதற்கு மேல் கூரை வரைக்கும் கம்பி வலை. மேலே ஆஸ்பெஸ்டாஸ். மே மாதம். கோழிகளைக் காலிபண்ணிவிட்டார்கள், அடுப்புச் சூட்டை மட்டும் அப்படியே விட்டுவைத்திருந்தார்கள். சுண்ணாம்பு அடித்திருந்தாலும் சுவர் மூலையில் விரலால் நோண்டினால் இறகு வரும். முதல் நாளே ஒரு வாண்டு அதைக் கண்டுபிடித்து, அன்று சாயங்காலத்துக்குள் ஆளாளுக்குத் தலையில் இறகு செருகிக்கொண்டு அலைந்தார்கள். பிள்ளைகளுக்கு எதுவும் ஜாலிதான். பத்து நாள்தானே.

முடிச்சூர் தாண்டி, படப்பை போகும் ரோட்டிலிருந்து பிரிகிற மண்பாதையில் உள்ளே போகவேண்டும். தாம்பரத்தில் ஸ்கூல் நடத்தும் ஒரு டிரஸ்டின் மாந்தோப்பு அது. ஷெட்டுகள் நான்கு. பெண் பிள்ளைகளுக்கு இரண்டு, பையன்களுக்கு இரண்டு. ஷெட் என்று சொல்லக்கூடாது, ‘ஹால்’ என்று சொல்லவேண்டும். எங்கள் ஹாலுக்கு முல்லை என்று பேர் வைத்திருந்தார்கள். முல்லை வாசனை தவிர மற்ற எல்லா வாசனையும் உள்ளே இருந்தது. பதினெட்டுப் பாய், பதினெட்டு ஆணி, ஆணிக்கு ஒரு பை. ஸ்டாண்டு ஃபேன் இரண்டு. அதில் ஒன்று தலையை ஆட்டாது, மூலையில் இருக்கிறவளுக்கு மட்டும் கொடுப்பினை. ஹாலுக்குப் பின்னால் தகரம் அடித்த இரண்டு கக்கூஸ், பக்கத்தில் சிமெண்ட் தொட்டி வைத்த ஒரு குளியல் மறைப்பு. தண்ணீர் காலையில் லாரியில் வரும். வருகிற நாளில் வரும்.

இந்த அழகில் நான் எதற்கு அங்கே லீடராகப் போனேன்? வேலைக்கு. மேத்ஸ் டிகிரி முடித்து ஒரு வருடம் ஆகியிருந்தது. சேலையூர், குரோம்பேட்டை, பல்லாவரம் என்று எட்டு ஸ்கூலில் இண்டர்வியூ கொடுத்திருந்தேன். எல்லாரும் "எக்ஸ்பீரியன்ஸ் இருக்கா?" என்று கேட்டார்கள். வேலை கொடுத்தால்தானே வரும் அது? வீட்டில் அப்பா இட்லியை வாயில் வைக்கும்போதெல்லாம் பேங்க் எக்ஸாம் பேச்சை எடுப்பார். ஒன்பதாவது இண்டர்வியூதான் இந்த டிரஸ்ட் ஸ்கூல். கரஸ்பாண்டன்ட் சார் என் ஃபைலை மூடிவைத்துவிட்டுச் சொன்னார்.

"ஜூன்ல ஆறாம் கிளாஸுக்கு மேத்ஸ் டீச்சர் ஒருத்தர் வேணும்மா. ஒரே போஸ்ட்தான். ரெண்டு பேர ஷார்ட்லிஸ்ட் பண்ணிருக்கேன். ரெண்டு பேரும் சம்மர் கேம்புக்கு லீடரா வாங்க. யார் பசங்கள நல்லா ஹேண்டில் பண்றீங்கன்னு பாத்துட்டு முடிவு பண்றேன்."

அந்த இன்னொருத்தி பக்கத்து மல்லி ஹாலுக்கு லீடர். என் காலேஜ்தான், ஒரு வருடம் சீனியர். பி.எட் வேறு முடித்திருந்தாள். பேசினால் குரலே வராது, பிள்ளைகள் அவள் மடியில் ஏறி உட்கார்ந்துகொள்வார்கள், அந்த டைப். நேர்வழியில் போனால் நான் காலி என்று எனக்குப் புரிந்துவிட்டது.

அப்போதுதான் இன்ஸ்பெக்‌ஷன் என்று ஒன்று இருப்பது தெரிந்தது. தினமும் காலை டிபன் முடிந்ததும் கரஸ் சார் ஹால் ஹாலாக வருவார். கையில் வெள்ளைக் கர்சீப். பாய் சுருட்டியிருக்கிறதா, பை நேராகத் தொங்குகிறதா, சுவரில் கர்சீப்பைத் தேய்த்தால் அழுக்கு வருகிறதா என்று பார்த்து மார்க் போடுவார். நூற்றுக்குப் பாதி மார்க் கக்கூஸுக்கு. மார்க்கைச் சாப்பாட்டு ஷெட்டில் இருக்கும் கரும்பலகையில் அவரே எழுதுவார். கடைசி நாள் கூட்டல் போட்டு, ஜெயித்த ஹாலுக்குக் கப். "ஹால பாத்தா லீடர் எப்படின்னு தெரிஞ்சிடும்" என்று முதல் நாள் மீட்டிங்கில் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துச் சொன்னார். இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லமுடியாது.

முதல் இன்ஸ்பெக்‌ஷனில் முல்லைக்கு ஐம்பத்திரண்டு. மல்லிக்கு எழுபது.

என் பிள்ளைகள்மேல் தப்பில்லை. முக்கால்வாசிப் பேர் மேடவாக்கம், பள்ளிக்கரணை அபார்ட்மெண்ட் கேஸ்கள். அப்பா அம்மா இரண்டு பேரும் ஓ.எம்.ஆர் ஐ.டி. கம்பெனிகளில் வேலை, லீவில் பார்த்துக்கொள்ள ஆளில்லை, கொண்டுவந்து தள்ளிவிட்டார்கள். குந்தி உட்காரும் கக்கூஸை அதுவரைக்கும் ரயிலில் மட்டும்தான் பார்த்திருந்தார்கள். எங்கே உட்காருவது, எந்தப் பக்கம் திரும்புவது, ஒன்றும் தெரியவில்லை. மக்கில் தண்ணீர் ஊற்றினால் பாதி வெளியே போகும். நான் விடிகாலையில் எழுந்து பினாயில் ஊற்றிப் பிரஷ் போட்டுத் தேய்த்து வெளியே வந்தால் வாசலில் ஆறு பேர் வரிசையில் நிற்பார்கள். ஆறு பேர் போய்வந்த பிறகு நான் கழுவியதற்கு அடையாளமே இருக்காது.

இரண்டாம் நாள் ராத்திரியே எனக்கு அந்த ஐடியா வந்துவிட்டது. இப்போது எழுதும்போதுகூட, அதன் முதல் அரை நிமிடப் பெருமை ஞாபகம் வருகிறது. யூஸ் பண்ணினால்தானே அழுக்காகும்?

மறுநாள் காலையில் இரண்டு கக்கூஸையும் பளபளவென்று கழுவிவிட்டு, இரண்டு கதவையும் சேர்த்துக் கொடிக்கயிற்றால் கட்டினேன். பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன்.

"இன்ஸ்பெக்‌ஷன் முடியற வரைக்கும் யாரும் இதுக்குள்ள போகக்கூடாது. அவசரம்னா கிச்சனுக்குப் பின்னாடி இருக்கு பாருங்க, அங்க போயிட்டு வாங்க. கப் வேணுமா வேணாமா?"

"வேணும்க்கா!" கூரை அதிர்ந்தது.

கிச்சனுக்குப் பின்னால் இருந்தது சமையல்காரர்களுக்கான கக்கூஸ். தோப்பின் அந்தக் கோடி. கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. உள்ளே இருக்கிறவர் ஒரு கையால் கதவை இழுத்துப் பிடித்துக்கொள்ளவேண்டும். வழியில் மிச்சச் சோற்றுக்குக் காத்திருக்கும் நான்கு நாய். எல்லாம் எனக்குத் தெரியும்.

அன்றைக்கு முல்லைக்கு எண்பத்தைந்து. பிள்ளைகள் கரும்பலகையைச் சுற்றிக் குதித்தார்கள். அதற்குப் பிறகு நான் சொல்லவேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. பிள்ளைகளுக்கு வெறி ஏறிவிட்டது. காலை மட்டும் எதற்கு, முழுநாளும் கட்டியே வைக்கலாம் என்று ஓட்டுப்போட்டார்கள். நான்காம் நாள், அவர்களில் பெரியவள், எட்டாவது போகப்போகிறவள், இன்னொரு படி மேலே போனாள். சமையல் ஷெட்டிலிருந்து ஒரு பிடி அரிசிமாவு வாங்கிவந்து கக்கூஸ் வாசல்படியில் கோலம் போட்டாள். இரண்டு கதவுக்கும் சேர்த்து, நெளி நெளியாக, பெரிய கோலம்.

"இதுக்கு மேல யாரு கால வெச்சாலும் தெரிஞ்சிடும்க்கா. கால்ல மாவு இருந்தா மாட்னா."

என்ன மூளை பாருங்கள். நான் அவளைக் கட்டிப்பிடித்துப் பாராட்டினேன்.

கரஸ் சார் வருவதற்குள் கயிற்றை அவிழ்த்துக் கதவைக் கொஞ்சம் திறந்துவைத்திருந்தேன். அவர் அந்தக் கோலத்துக்கு முன்னால் ஒரு நிமிடம் நின்றார். தாண்டிப்போக மனசு வரவில்லை அவருக்கு. எட்டி நின்று கதவிடுக்கில் பார்த்தார். உள்ளே பீங்கான் பளிச்சென்று இருந்தது, ஈரம்கூட இல்லை. போனை எடுத்துப் படம் பிடித்து அங்கேயே பேரண்ட்ஸ் குரூப்பில் போட்டார். பத்து நிமிடத்தில் கும்பிடு எமோஜியாகக் கொட்டியது. ‘எங்க வீட்லகூட இவ்ளோ சுத்தம் இல்ல சார்’ என்று ஒரு அம்மா எழுதியிருந்தார். தொண்ணூற்றெட்டு. அந்த இரண்டு மார்க்கை எதற்குக் குறைத்தார் என்று அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு பேருக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. ஒன்று அந்த மல்லி லீடர். சாப்பாட்டு வரிசையில் என் பின்னால் வந்து நின்று, "ஓவரா போற டி. சின்னப் பசங்க. அடக்கிவெச்சிட்டு இருப்பாங்க" என்றாள்.

"நீயும் கட்டிக்கோ. யாரு வேணாம்னா?"

"எனக்கு அந்தக் கப்பே வேணாம்பா."

கப் வேண்டாமாம், போஸ்ட் மட்டும் வேண்டுமா என்று மனசுக்குள் கறுவினேன்.

இன்னொன்று சமையல்கார அக்கா. அவருக்கு வாய் நீளம்.

"இன்னா டீச்சரம்மா, உன் கக்கூஸுக்குத் தாலி கட்டிகினு, புள்ளைங்கள என் கக்கூஸுக்கு தொரத்தினுகீற? என்னுதுல இன்னா தேனா வடியுது? தாப்பா கூட இல்ல. ஒரு பாப்பா வந்து வாசல்ல நிக்குது, நாயப் பாத்துட்டுத் திரும்பிப் பூடுது. நானும் ரெண்டு நாளா பாத்துனுகீறேன்."

"எந்தப் பாப்பா?"

"மூக்குக் கண்ணாடி போட்டுக்கீதே, ஒல்லியா."

எனக்குத் தெரியும் அவளை. மேடவாக்கத்துப் பிள்ளை. ஆறாவது போகப்போகிறாள். எதையும் கேட்கமாட்டாள். இன்னும் கொஞ்சம் சோறு வேண்டுமா என்றால்கூடத் தலையை மட்டும் ஆட்டுவாள். கப் பைத்தியம் பிடித்து மற்ற பதினேழு பேரும் ஆடியபோது ஓரமாக உட்கார்ந்து கை தட்டினவள். நான் அவளிடம் போய்க் கேட்டேனா என்றால், இல்லை. மாறாக, அன்றைக்குச் சாயங்காலம் ஹாலில் எல்லார் முன்னாலும் அவளை எழுப்பி நிறுத்தினேன்.

"இவளப் பாருங்க. நாலு நாளா ஒரு தடவகூட ‘அக்கா கதவத் தொறங்க’ன்னு வந்து நிக்கல. நீங்க தண்ணியக் குடிச்சிட்டு குடிச்சிட்டு ஓடி வர்றீங்க. இவ குடிக்கறதே இல்ல. இப்படி இருக்கணும்."

ஒரு ஸ்டார் ஸ்டிக்கரை எடுத்து அவள் சட்டையில் ஒட்டினேன். அவள் சிரித்தாள். அங்கே இருந்த நாட்களில் அவள் பல் தெரியச் சிரித்தது அப்போது மட்டும்தான். அதற்கு அப்புறம் அவள் மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூடத் தண்ணீர் டம்ளரைத் தொடாததை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, நல்ல பிள்ளை என்று நினைத்தேன். கணக்கு படித்த ஆள் நான். மே மாதம், ஆஸ்பெஸ்டாஸ் கூரை, தண்ணீர் இல்லை. இதைக் கூட்டத் தெரியவில்லை எனக்கு. அல்லது கூட்டவேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

எட்டாம் நாள் காலை அசெம்பிளியில் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மடங்கி உட்கார்ந்தாள். தொட்டால் அனல். குளிரில் நடுங்குகிற மாதிரி நடுங்கினாள். "ஒண்ணுக்குப் போனா எரியுதுக்கா" என்று என் காதில் சொன்னாள், ஏதோ கெட்டவார்த்தை சொல்லிவிட்டது போல. கரஸ் சார் காரிலேயே தாம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். வழியெல்லாம் அவள் தலை என் மடியில். முடிச்சூர் ரோட்டில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

டியூட்டி டாக்டர் சின்ன வயசு. வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு என்னைத்தான் கேட்டார்.

"எத்தன நாளா அடக்கி வெச்சிருக்கா? அங்க டாய்லெட் இல்லையா?"

"இருக்கு டாக்டர். க்ளீனா இருக்கு."

அந்தப் பதிலில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை.

ஸலைன் ஏற்றினார்கள். யூரின் இன்ஃபெக்‌ஷன், நல்லவேளை சீக்கிரம் வந்தீர்கள், கிட்னிக்குப் போயிருந்தால் கஷ்டம் என்றார்கள். பிள்ளை தூங்கியதும் கரஸ் சார் என்னை வராண்டாவுக்குக் கூப்பிட்டார்.

"அவங்க அம்மா வந்துட்டிருக்காங்க. என்னம்மா ஆச்சு?"

சொன்னேன். அவரிடம் உண்மையைத்தான் சொன்னேன். கயிறு, கோலம், கிச்சன் கக்கூஸ், எல்லாம். அவர் கொஞ்ச நேரம் ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டியிருந்த கை கழுவும் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கயிறு கட்டச் சொல்லி நான் சொல்லலியே?"

"இல்ல சார்."

"சரி. பேரண்ட்கிட்ட எப்படிப் பேசறதுங்கறதும் ஒரு டீச்சருக்கு முக்கியமான ஸ்கில்மா. பாத்துப் பேசுங்க."

அவ்வளவுதான். மிரட்டவில்லை, கெஞ்சவில்லை. இதுவும் ஒரு இன்ஸ்பெக்‌ஷன் என்று புரியவைத்துவிட்டு காபி குடிக்கப் போய்விட்டார்.

அந்த அம்மா ஆபீஸிலிருந்து நேராக வந்திருந்தார். கழுத்தில் ஐடி கார்டு, கையில் ஹெல்மெட், முகமெல்லாம் ரோட்டுப் புழுதி. பிள்ளை முழித்துக்கொண்டது. டாக்டர் வந்து, தண்ணீர் குடிக்கவில்லை, ரொம்ப அடக்கியிருக்கிறாள் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏன்மா, அங்க டாய்லெட் எல்லாம் சரியாத்தானே இருந்துச்சு? நான்கூட போட்டோ பாத்தேனே, கோலமெல்லாம் போட்டு."

கட்டிலில் பிள்ளை என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. கண்ணாடி இல்லாத அந்த முகம் இன்னும் சின்னதாகத் தெரிந்தது. நான் என்ன சொல்லப்போகிறேன் என்று தெரிந்துகொள்ள நிஜமாகவே ஆவலாக இருந்த மாதிரி இருந்தது.

"கூச்சப்பட்டுட்டா போல ஆன்ட்டி. நாங்களும் டெய்லி சொல்லிட்டேதான் இருந்தோம், தண்ணி குடி, டாய்லெட் போன்னு."

அவ்வளவு ஈஸியாக வந்தது. இண்டர்வியூவில்கூட எனக்கு நாக்கு அப்படி ஓடியதில்லை.

அந்த அம்மா பிள்ளையின் பக்கம் திரும்பினார். "எத்தன தடவடி சொல்றது உனக்கு? ஊமைக்கோட்டான் மாதிரி இருக்காதன்னு? வாயத் தொறந்து கேட்டா என்ன? பாவம், அந்த அக்கா உன்னால எவ்ளோ டென்ஷன் பாரு." சொல்லிக்கொண்டே அழுதார். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தேங்க்ஸ்மா. நீ இல்லன்னா என்ன ஆயிருக்கும்" என்றார்.

பிள்ளை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டது.

கடைசி நாள் முல்லைக்குத்தான் கப். மல்லி லீடர் கை தட்டவில்லை. என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் பஸ் ஏறினாள். மே முடிவதற்குள் எனக்கு ஆர்டர் வந்தது. அப்பா தெருவுக்கே ஸ்வீட் கொடுத்தார்.

சந்தோஷமாக இருந்ததா என்றால், இருந்தது. அதையும் மறைக்கப்போவதில்லை. ஜூன் முதல் வாரம் புதுச் சேலை, புது ஐடி கார்டு, ஸ்டாஃப் ரூமில் எனக்கென்று ஒரு டிராயர். ஆறாம் கிளாஸ் பி செக்‌ஷன். இரண்டாம் வாரம் ஆபீஸிலிருந்து பியூன் வந்து, யாரோ பேரண்ட் என்னைப் பார்க்கவேண்டுமாம் என்றார். போனால் வராண்டாவில் அந்த அம்மா. பக்கத்தில் கண்ணாடி போட்ட பிள்ளை. தேறியிருந்தாள்.

"பழைய ஸ்கூல மாத்திடலாம்னு. மேடவாக்கத்துலேருந்து வேன் வருதாமே? நீ இங்க சேந்துட்டன்னு சார் சொன்னாரு. உன்ன நம்பித்தான்மா சேக்கறேன். இவளுக்குன்னு ஒருத்தர் பாத்துக்க இருந்தா எனக்கு ஆபீஸ்ல நிம்மதியா வேல ஓடும்."

சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "ஆன்ட்டி, வேற ஸ்கூல் பாருங்களேன்" என்றேன்.

"ஏன்?"

ஏன் என்று சொல்ல எனக்கு ஒரு வாக்கியம்தான் தேவைப்பட்டது. அது என்னிடம் ரெடியாகவும் இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் பஸ்ஸில், பாத்ரூமில், போர்டில் பின்னம் எழுதிக்கொண்டிருக்கும்போது என்று நூறு தடவை ஒத்திகை பார்த்த வாக்கியம். "இல்ல... சும்மாதான்" என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. அவமானமாக இருந்திருக்கும் போல. நேராக உள்ளே போய், "என்ன சார், உங்க டீச்சரே வேற ஸ்கூல் பாருங்கன்னு சொல்றாங்க?" என்று கேட்டுவிட்டார். கரஸ் சார் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"அப்படியா சொன்னீங்க?"

"இல்ல சார். எங்க செக்‌ஷன் ஃபுல்லா இருக்கு, ஏ செக்‌ஷன்ல கேளுங்கன்னு சொல்ல வந்தேன்."

"அதெல்லாம் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம். பாப்பாவ உங்க கிளாஸ்லயே போட்டுடறேன். தெரிஞ்ச டீச்சர்கிட்ட இருக்கட்டும்."

அந்த அம்மாவுக்குச் சட்டென்று முகம் மலர்ந்தது. ஃபார்மை நிரப்ப உட்கார்ந்தார். "கிளாஸக் காட்டுங்கம்மா" என்று கரஸ் சார் சொல்ல, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு மாடிப்படி ஏறினேன். பாதிப் படியில் அவள் நின்றாள். கீழே ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டாள், அம்மா வருகிறாளா என்று. அப்புறம் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"நான் யாருகிட்டயும் சொல்லலக்கா. அப்பாகிட்ட கூட."

"அக்கா இல்ல. இங்க மிஸ்னு கூப்பிடணும்" என்றேன்.